பிரோமிதியஸ்: குமரி மாவட்ட ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரிட்லி ஸ்காட் 1979இல் எடுத்த 'ஏலியன்' படத்துக்கு, 33 வருடம் கழித்து அவரே எடுத்த முன்கதை 'பிரோமிதியஸ்'. நாகர்கோவில், தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம் பக்கத்து ரசிகர்கள் இந்தப் படத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். வெளியீடு, பதிப்பு, பார்க்கும் முறை முதலில் வருகின்றன. அந்தப் பகுதி கதையைக் கெடுக்காது. 'கதைக்குள்' என்ற தலைப்புக்குக் கீழே முடிவு வரை பேசியிருக்கிறோம். படம் பார்க்காதவர்கள் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

படம் எப்போது வெளியானது? ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு தேதி போட்டிருக்கிறதே?

2011 ஜனவரியில் ஃபாக்ஸ் நிறுவனம் படத்தின் பெயரை அறிவித்தபோது சொன்ன தேதி 2012 மார்ச் 9. அது பிறகு ஜூன் 8க்குத் தள்ளிப்போனது. பழைய செய்திகளில் மார்ச் என்று இருப்பது அதனால்தான். பிரிட்டனில் ஜூன் 1ஆம் தேதியே வந்துவிட்டது. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் ஜூன் 8. பிரிட்டனில் ஒரு வாரம் முந்தியதைப் பார்க்கும்போது இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: அதே ஜூன் 8 அன்றுதான் யூரோ 2012 கால்பந்துப் போட்டி தொடங்கியது. பெரிய போட்டி நடக்கும்போது தியேட்டர் எப்படிக் காலியாகும் என்பதைத் தூத்தூர் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இது உண்மையிலேயே முன்கதைதானா? 'ஏலியன்' என்ற பெயரே தலைப்பில் இல்லையே?

முன்கதையாகத்தான் தொடங்கியது. ஜான் ஸ்பைட்ஸ் எழுதிய முதல் திரைக்கதை 'ஏலியன்' படத்தோடு நேரடியாகப் போய் ஒட்டும் கதை. பிறகு டேமன் லிண்டலாஃப் வந்து, பழைய படத்து உயிரியைப் பின்னுக்குத் தள்ளி, மனிதனைப் படைத்தது யார் என்ற கேள்வியை முன்னால் கொண்டுவந்தார். பெயர் மாறியதும் அந்தக் கட்டத்தில்தான். ஆகவே இரண்டும் ஒரே உலகம், ஒரே கம்பெனி. ஆனால் ஒன்றின் கடைசிக் காட்சி இன்னொன்றின் முதல் காட்சியில் போய் முட்டாது. இதைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் பாதி ஏமாற்றம் தீரும்.

எந்த வரிசையில் பார்ப்பது?

வெளியான வரிசையில் பாருங்கள். குறைந்தபட்சம் 1979 படத்தைப் பார்த்துவிட்டு 2012க்கு வாருங்கள். முன்கதைதானே என்று இதை முதலில் பார்ப்பவர்களுக்கு இரண்டு நஷ்டம். பழைய படத்தில் அந்த உயிரி என்ன, எப்படி வளரும் என்று தெரியாமல் இருப்பதில்தான் பயமே இருக்கிறது; அது போய்விடும். அடுத்து, பிரோமிதியஸில் வரும் குதிரைலாட வடிவக் கப்பலையும் ராட்சத நாற்காலியையும் பார்த்ததும் வர வேண்டிய சிலிர்ப்பு வராது.

கதை நடக்கும் வருடப்படி அடுக்கிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: பிரோமிதியஸ் 2093, 'ஏலியன்: கோவனன்ட்' 2104, 'ஏலியன்: எர்த்' தொடர் 2120, 'ஏலியன்' 2122, 'ஏலியன்: ராமுலஸ்' 2142, 'ஏலியன்ஸ்' 2179. இது இரண்டாம் முறை பார்ப்பவர்களுக்கான வரிசை.

பிரிடேட்டரோடு ஏலியன் மோதும் படங்களையும் சேர்க்க வேண்டுமா?

வேண்டாம். 2004, 2007இல் வந்த அந்த இரண்டையும் ஸ்காட் கணக்கில் எடுக்கவில்லை. அவற்றிலும் வெய்லாண்ட் என்று ஒருவர் வருவார். பிரோமிதியஸில் வரும் கம்பெனி முதலாளி வெய்லாண்ட் வேறு ஆள்.

படம் 124 நிமிடம் என்கிறார்கள். என் டிவிடி 119 நிமிடத்தில் முடிகிறது. சென்சாரில் வெட்டிவிட்டார்களா?

ஒரு காட்சியும் போகவில்லை. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் புழங்கிய 'பால்' (PAL) முறை டிவிடி நொடிக்கு 25 ஃபிரேம் ஓட்டும். அதே ஃபிரேம்களை வேகமாக ஓட்டுவதால் 124ஐ 24ஆல் பெருக்கி 25ஆல் வகுத்தால் கிடைக்கும் 119 நிமிடத்தில் படம் முடிந்துவிடுகிறது. சரிபார்க்க எளிய வழி, குரலைக் கவனிப்பது. எல்லார் குரலும் சுமார் 4 சதவீதம் கீச்சென்று ஏறியிருக்கும். புளூரேயில் முழு 124 நிமிடமும் இருக்கும்.

வேறு இடத்திலிருந்து எடுத்த சப்டைட்டில் ஃபைலை இந்த டிவிடியோடு ஓட்டும்போது வரும் தொல்லைக்கும் இதுவே காரணம். தொடக்கத்தில் சரியாக இருக்கும். ஒரு மணி நேரம் ஓடியதும் எழுத்து இரண்டரை நிமிடம் பின்தங்கி நிற்கும். விஎல்சி பிளேயரில் ஜி, எச் பட்டன்களை அழுத்தினால் ஒவ்வொரு தட்டுக்கும் 50 மில்லி செகண்ட் நகரும். ஆனால் அது முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவில் தள்ளியிருக்கும் ஃபைலுக்குத்தான் உதவும். போகப் போக இடைவெளி கூடுகிறது என்றால், சப்டைட்டில் எடிட்டரில் எல்லா நேரத்தையும் 0.96ஆல் பெருக்க வேண்டும்.

இயக்குநர் பதிப்பு, நீண்ட பதிப்பு ஏதாவது இருக்கிறதா?

இல்லை. தியேட்டரில் வந்ததுதான் தன்னுடைய பதிப்பு என்பது ஸ்காட்டின் நிலை. நீக்கப்பட்ட காட்சிகள் அரை மணி நேரத்துக்கும் மேல் புளூரேயில் தனியாக இருக்கின்றன. 'எக்ஸ்டெண்டட்' என்று பெயர் போட்டு இணையத்தில் சுற்றுபவை, ரசிகர்கள் அந்தக் காட்சிகளைப் படத்துக்குள் ஒட்டித் தைத்தவை. நீக்கிய காட்சிகளைப் படம் முடிந்த பிறகு பாருங்கள். முக்கியமாக, கடைசிப் பகுதியில் வரும் ஒரு சந்திப்பின் நீண்ட வடிவம் பார்க்க வேண்டியது.

வளைகுடாவிலிருந்து வீட்டில் கொண்டுவந்த டிஸ்க் நம் பிளேயரில் ஓடவில்லை. ஏன்?

மண்டலப் பூட்டுதான் காரணம். டிவிடிக்கு இந்தியா மண்டலம் 5, வளைகுடா நாடுகள் 2. புளூரேக்கு இந்தியா சி, வளைகுடா பி, அமெரிக்கா ஏ. இங்கே வாங்கிய பிளேயர் அங்கே வாங்கிய டிஸ்க்கை மறுக்கலாம். கம்ப்யூட்டர் டிவிடி டிரைவில் மண்டலத்தை மாற்ற முடியும், ஆனால் மொத்தம் 5 முறைதான். ஐந்தாவது முறை வைத்ததோடு அது அப்படியே பூட்டிக்கொள்ளும். 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குக்கு மண்டலமே கிடையாது. வளைகுடாவிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி விடுவதானால் அதைச் சொல்லுங்கள். 4கே ஓட, பிளேயரும் 4கே ஆக இருக்க வேண்டும். சாதா புளூரே பிளேயரில் அந்த டிஸ்க் ஓடாது.

3டியில் பார்த்தே ஆக வேண்டுமா?

முடிந்தால் ஒரு முறையாவது. இது 2டியில் எடுத்துப் பிறகு 3டிக்கு மாற்றிய படம் அல்ல. ஒளிப்பதிவாளர் டாரியஸ் வோல்ஸ்கி ரெட் எபிக் கேமராக்களை இரண்டிரண்டாக ரிக்கில் பூட்டி, படம் முழுவதையும் 3டியிலேயே எடுத்தார். செயற்கை மனிதன் டேவிட் நட்சத்திர வரைபடத்தின் நடுவே நிற்கும் காட்சியில் அதன் பலன் கண்ணுக்கு நேராகத் தெரியும்: கோளங்கள் திரைக்கு வெளியே பாயாமல், அவரைச் சுற்றி ஆழமாக மிதக்கும்.

வீட்டில்தான் சிரமம். பெரிய கம்பெனிகள் 2017க்குள் 3டி டிவி தயாரிப்பை நிறுத்திவிட்டன. 4கே டிஸ்க்கில் 3டி இருக்காது. மிச்சமிருக்கும் வழி: 3டி புளூரே டிஸ்க், 3டி ஓட்டும் பிளேயர், டிஎல்பி-லிங்க் (கண்ணாடியைப் படத்தோடு ஒத்து இயங்க வைக்கும்) வசதியுள்ள புரொஜெக்டர், சார்ஜ் செய்யும் ஷட்டர் கண்ணாடி. சிவப்பு-நீல அட்டைக் கண்ணாடி இதற்கு உதவாது. படம் இரட்டை இரட்டையாகத் தெரிந்தால், புரொஜெக்டர் மெனுவில் இடது-வலதை மாற்றும் பட்டனை ஒரு முறை தட்டிப் பாருங்கள்.

ஒரு கண்ணில் பார்வை குறைந்தவர்கள், மாறுகண் உள்ளவர்கள் 2டியிலேயே பாருங்கள். 3டியில் அவர்களுக்கு வெளிச்சம்தான் குறையும். நல்ல தியேட்டரில் 2டி படத்துக்குத் திரை வெளிச்சம் 14 அடி-லாம்பெர்ட் இருக்க வேண்டும். 3டி கண்ணாடி போட்டதும் கண்ணுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் 4தான். பாதிப் படம் குகைக்குள் நடக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

டிவியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறது. எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள். படத்தின் அகலம் உயரத்தைப் போல 2.39 மடங்கு. 43 இஞ்ச் டிவியின் அகலம் சுமார் 95 செ.மீ.; அதில் இந்தப் படம் 40 செ.மீ. உயரத்தில் வரும், மேலே 7, கீழே 7 செ.மீ. கறுப்பாக இருக்கும். 'ஜூம்' போட்டால் பட்டை போகும், கூடவே இரு பக்கமும் சேர்த்துப் படத்தில் கால் பங்கும் போகும்.

வெடிச் சத்தம் வீட்டை அதிர வைக்கிறது, பேச்சு மட்டும் கேட்கவில்லை. செட்டில் கோளாறா?

பெரும்பாலும் செட் நன்றாகத்தான் இருக்கும், இணைப்பில்தான் பிழை. 5.1 ஒலியில் வசனம் முழுக்க நடு ஸ்பீக்கருக்குப் போகும். நம் பக்கம் வீடுகளில் இருக்கும் அசெம்பிள் செட்டுகள் பலவற்றில் உள்ளே வருவது இரண்டு சேனல்தான். நடு ஸ்பீக்கர் அந்த இரண்டிலிருந்தும் கலந்து எடுப்பது. பிளேயர் மெனுவில் 5.1 என்று வைத்துவிட்டு சிவப்பு, வெள்ளை வயர்களை மட்டும் மாட்டியிருந்தால் நடுச் சேனல் வழியிலேயே தொலைந்துவிடும். பிளேயரின் ஸ்பீக்கர் செட்டிங்கில் 'ஸ்டீரியோ' அல்லது 'டவுன்மிக்ஸ்' தேர்ந்தெடுங்கள். டிவியிலிருந்து வயர் எடுத்திருந்தால் டிவியின் ஒலி வெளியீட்டை 'பிசிஎம்' என்று மாற்றுங்கள். பேச்சு அந்த நிமிடமே திரும்பி வரும். பிறகும் ஏற்ற இறக்கம் அதிகமாகத் தோன்றினால் 'நைட் மோடு' போடுங்கள்.

மொபைல் டேட்டாவில் பார்த்தால் எவ்வளவு போகும்?

எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை, 4கேயில் 7 ஜிபி வரை. இந்தப் படத்துக்கு எச்டியில் 6 ஜிபி வைத்துக்கொள்ளுங்கள். தினம் 1.5 ஜிபி பேக்கில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் சுற்ற ஆரம்பித்துவிடும். வைஃபை இருக்கும் இடத்தில் முன்கூட்டியே டவுன்லோடு செய்வதே வழி.

தமிழில் கேட்க முடியுமா?

ஓடிடி ஆப்பில் படத்தின் பக்கத்தைத் திறந்து, ஓடத் தொடங்கியதும் ஒலி, சப்டைட்டில் அடையாளத்தைத் தட்டுங்கள். அங்கே காட்டும் மொழிகள்தான் அந்த மாதத்துக்கு உண்டானவை. உரிமம் மாறும்போது பட்டியலும் மாறும். ஒரு யோசனை: இந்தப் படத்தில் டேவிட் என்ற செயற்கை மனிதனின் குரல்தான் பாதி நடிப்பு. மைக்கேல் ஃபாஸ்பெண்டர் வார்த்தைக்கு வார்த்தை அளந்து, குரலை உயர்த்தாமல் பேசுவார். ஆங்கில ஒலியில் சப்டைட்டிலோடு பார்ப்பது மேல்.

அடுத்து இப்படி ஒரு படம் வந்தால் இங்கிருந்து எங்கே போய்ப் பார்ப்பது?

தமிழ் டப்பிங் வேண்டும் என்றால் நாகர்கோவிலிலேயே. ஐமேக்ஸ் வேண்டும் என்றால் பக்கத்தில் இருப்பது திருவனந்தபுரம் லூலு மால். 2022 டிசம்பரில் திறந்தது. மார்த்தாண்டத்துக்காரர்களுக்கு அது பெரிய தூரமில்லை, களியக்காவிளை தாண்டும் நெரிசலைக் கணக்கில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே பெரும்பாலும் ஆங்கில ஒலி. ரயிலில் போகிறவர்கள் இரவுக் காட்சிக்குப் பதிவு செய்யும் முன் திரும்பும் வண்டி நேரத்தைப் பாருங்கள். இரண்டு மணி நேரப் படம் என்றாலும் விளம்பரமும் இடைவேளையும் சேர்ந்து அரை மணி கூடும்.

அமெரிக்கத் தேதியை நம்பி லீவு போட வேண்டாம். 'ஏலியன்: ராமுலஸ்' அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 16, இந்தியாவில் ஆகஸ்ட் 23. இடைப்பட்ட சுதந்திர தின வாரத்தில் நம் திரைகள் முழுக்கத் தமிழ், இந்திப் படங்கள் நிறைந்திருந்தன. டிக்கெட் ஆப்பில் நாகர்கோவில் என்று ஊரை வைத்து, மொழியைப் பார்த்து, பிறகு முடிவு செய்யுங்கள்.

கல்லூரியிலோ பங்கு மண்டபத்திலோ திரையிடலாமா?

கல்லூரிக்குள், அதன் நடவடிக்கையின் பகுதியாக, ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், கல்லூரியோடு தொடர்புடையவர்கள் மட்டும் பார்த்தால் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. மண்டபத்தில் ஊரைக் கூட்டிக் காட்டுவதற்கு உரிமம் வாங்க வேண்டும். ஓடிடி சந்தா வீட்டுக்கு மட்டுமானது, அதை வைத்து மண்டபத்தில் ஓட்ட முடியாது.

அளவுகள்: 12 அடி அகலத் திரையில் இந்தப் படம் 5 அடி உயரம் வரும். 1.5 த்ரோ (திரை அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம்) உள்ள புரொஜெக்டரைத் திரையிலிருந்து 18 அடி தள்ளி வையுங்கள். இருட்டான அறையில் 3000 லூமன் போதும். பகலில் ஜன்னலைத் திறந்து வைத்தால் 5000மும் போதாது, குகைக் காட்சிகள் சாம்பல் பலகையாகத் தெரியும். தகர ஷீட் கூரை மண்டபமானால் ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் வைக்காதீர்கள். குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கூரையில் மழை விழும் சத்தத்தில் இந்தப் படத்தின் மௌனம் அடிபட்டுப் போகும். புரொஜெக்டருக்கு யுபிஎஸ் கட்டாயம்: கரண்ட் சட்டென்று போனால் விசிறி நின்று, சூடான லேம்ப் பழுதாகும்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

கூடாது. அமெரிக்காவில் ஆர், பிரிட்டனில் 15 சான்றிதழ். பின்பாதியில் ஒரு அறுவை சிகிச்சைக் காட்சி வருகிறது. கர்ப்பிணிகளும் அதைத் தவிர்ப்பது நல்லது.

பெயர்கள் ஓடி முடியும்வரை உட்கார வேண்டுமா?

காட்சி ஏதும் இல்லை. கடைசியில் வெய்லாண்ட் கம்பெனியின் முத்திரை ஒரு தேதியோடு வரும், அவ்வளவுதான்.

கதைக்குள்

ஏலியன் படத்தில் பார்த்த அதே கிரகம்தானே இது? அப்படியானால் நாற்காலியில் இறந்து கிடந்தவர் எங்கே?

அதே இடம் இல்லை. எங்களுக்கு வரும் கேள்விகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. பிரோமிதியஸ் இறங்குவது எல்வி-223. ஏலியனில் கப்பல் இறங்குவது எல்வி-426. ஒரே இனத்தின் ஒரே மாதிரிக் கப்பல், ஆனால் வேறு வேறு கப்பல். 1979 படத்தில் எச். ஆர். கீகர் வடிவமைத்த அந்த விமானி நெஞ்சு வெடித்து நாற்காலியிலேயே கிடப்பார். 2012 படத்தின் எஞ்சினியர் (மனிதனைப் படைத்ததாகப் படம் சொல்லும் வேற்றுலக இனத்தவர்) நாற்காலியை விட்டு எழுந்து, கம்பெனியின் சார்பில் வந்த விக்கர்ஸின் உயிர்காப்புக் கலத்துக்கு வந்து அங்கே சாகிறார். ஏலியனில் கிடப்பவர் இவராக இருக்கவே முடியாது. கடைசியில் பிறக்கும் நீல நிறப் பிராணியும் நாம் பழக்கப்பட்ட ஏலியன் அல்ல. படக்குழு அதற்கு வைத்த பெயர் 'டீக்கன்'.

முதல் காட்சியில் கறுப்புத் திரவத்தைக் குடிக்கும் எஞ்சினியர் என்ன செய்கிறார்? அது பூமியா?

தன் உடலைக் கரைத்து, தன் மரபணுவை நீரில் விட்டு, அங்கே உயிரை விதைக்கிறார். ஒருவர் சாவதால் ஒரு உலகம் பிறக்கிறது என்பதுதான் படத்தின் அடிப்படை. பின்னால் சாகாமல் இருக்க ஆசைப்படும் வெய்லாண்டுக்கு நேர் எதிர். அது பூமியாகவே இருக்க வேண்டியதில்லை என்று ஸ்காட் சொல்லியிருக்கிறார். படம்பிடித்த இடம் ஐஸ்லாந்தின் டெட்டிஃபாஸ் அருவி. உயரம் 44 மீட்டர், நம் திற்பரப்பு அருவியைப் போல மூன்று மடங்கு.

அறுவை சிகிச்சை இயந்திரம் ஆண்களுக்கு மட்டும் என்று ஏன் சொல்கிறது?

அந்த இயந்திரம் இருப்பது விக்கர்ஸின் அறையில். ஒரு பெண்ணின் அறையில் ஆண்களுக்கான இயந்திரம் ஏன்? அது அவருக்காக வைத்ததே இல்லை, கப்பலில் ஒளிந்து வந்திருக்கும் கிழவர் வெய்லாண்டுக்காக வைத்தது. அவர் உயிரோடு இருக்கும் சேதி நமக்குத் தெரிவதற்கு முன்பே படம் கொடுத்துவிடும் துப்பு இது. ஆராய்ச்சியாளர் எலிசபெத் ஷா சிசேரியன் கேட்கிறார், இயந்திரம் மறுக்கிறது, வயிற்றில் வேற்றுப் பொருள் இருப்பதாகச் சொல்லி அகற்றும்படி கேட்டதும் ஒத்துக்கொள்கிறது. இரண்டாம் முறை பார்க்கும்போது அந்த மறுப்பு வாக்கியம் சுரீரென்று தைக்கும்.

டேவிட் எஞ்சினியரிடம் என்ன சொன்னார்? ஏன் சப்டைட்டில் இல்லை?

வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள், கூட நிற்கும் மனிதர்களுக்குப் புரியாதது நமக்கும் புரியக் கூடாது. வசனத்தை அமைத்தவர் மொழியியலாளர் அனில் பில்டூ. பயணத்தின் தொடக்கத்தில் டேவிட்டுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியராகத் திரையில் வருபவரும் அவரே. அவர் பிறகு வெளியிட்ட பொருளின்படி, இந்த மனிதர் சாக விரும்பாததால் வந்திருக்கிறார், உங்களால் இன்னும் ஆயுள் தர முடியும் என்று நம்புகிறார் என்பதே டேவிட் சொன்னது. அப்படியானால் டேவிட் மாற்றி ஏதோ சொல்லிக் கோபமூட்டினார் என்ற பரவலான ஊகம் நிற்காது. கேட்டதைச் சரியாகவே கேட்டார், கேட்டதுதான் தப்பு.

வரைபடம் போடுகிறவரே குகையில் வழி தவறுகிறாரே?

பறக்கும் கருவிகள் எடுக்கும் வரைபடம் போய்ச் சேர்வது கப்பலில் இருக்கும் மேசைக்கு. வரைபடம் போடும் ஃபைஃபீல்ட் கையில் அது இல்லை, புயலில் தொடர்பும் அறுகிறது. இது விளக்கம்தான். ஆனாலும் படம் இதை ஒரு வரியில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது குறையே.

ஷாவும் டேவிட்டும் கிளம்பிப் போன பிறகு என்ன ஆயிற்று?

2017இல் கோவனன்ட் வெளியாவதற்கு முன்பு 'தி கிராசிங்' என்ற பெயரில் இரண்டரை நிமிடக் குறும்படம் ஒன்றை விட்டார்கள். துண்டாகக் கிடந்த டேவிட்டை ஷா ஒட்டவைப்பதும், இருவரும் எஞ்சினியர்களின் உலகத்துக்குப் போவதும் அதில் இருக்கிறது. படத்துக்குள் அது வராது. பிரோமிதியஸ் முடித்த கையோடு அதைப் பார்த்துவிட்டு, பிறகு கோவனன்டைப் போடுங்கள். இல்லாவிட்டால் ஷாவின் முடிவு காரணமே இல்லாமல் நடந்த மாதிரித் தோன்றும்.